ஏங்க என்று ஒரே ஒரு தடவை

உங்களை அக்கா என்றே கூப்பிடட்டுமா? யோசித்துத்தான் கேட்கிறேன். அத்தை என்று கூப்பிட்டால் உங்கள் மகன் எனக்கு முறையாகிவிடுவான். மதினி என்றால் உங்கள் வீட்டுக்காரரை அண்ணன் என்று சொல்லியாக வேண்டும், அவர் எப்படிப்பட்டவரோ தெரியாது. ஆன்ட்டி என்றால் நீங்கள் ஜன்னல் சீட்டைத் திருப்பிக் கேட்பீர்கள். அக்காதான் பத்திரம். அக்கா என்றால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஒரு வார்த்தையை யோசிக்காமல் விட்டுவிட்டு நான் படுகிற பாடு இருக்கிறதே, அது போதும்.

இல்லையே, சிரிக்கவில்லையே. கோபமாக இருக்கிறேன் அக்கா. கோபம் வந்தால் என் முகம் இப்படித்தான் ஆகும் போல. இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சத்தியமாக. கல்லூரியில் வருகைப் பதிவில் என் பேர் வந்தால் பக்கத்தில் இருக்கும் செண்பகராணிதான் எனக்கும் சேர்த்து ‘உள்ளேன் ஐயா’ சொல்வாள். எம்.ஏ. முடிக்கிறவரை பாதிப் பேராசிரியர்களுக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அப்படிப்பட்டவள் இன்றைக்குப் பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடத்தில், பெரிய பெரிய பேராசிரியர்கள், வேன் பிடித்து வந்த எங்கள் ஊர்ப் பொம்பளைகள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று பாட்டுப் பாடிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, போர்டுகூடப் பார்க்காமல் இந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். கோவில்பட்டி போகும்தானே? அப்பாடா.

எல்லாம் ஒரு மனுஷனுடைய ஆராய்ச்சியால் வந்தது.

பேர் மாதேசன். ஓசூர்ப் பக்கம். டெல்லியில் மானிடவியல் படித்துவிட்டு, நாட்டார் வழக்காற்றில் டாக்டர் பட்டம் வாங்க இங்கே வந்து சேர்ந்தவர். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். ஏசல் பாட்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை நிறுத்தி வைத்து, மூக்கு சரியில்லை, முழி சரியில்லை, உன் அக்கா பந்தியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள் என்று பெண்வீட்டுப் பொம்பளைகள் பாட்டாலேயே தோலை உரிப்பார்களே, அதுதான். வடக்கே பீகார்ப் பக்கமும் பந்தி நடக்கும்போதே மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிப் பாடுவார்களாம். “திட்டு வாங்குறதுதான் பொன்மாரி, உறவுக்குள்ள நுழையுற வாசல்” என்பார். அதைச் சொல்லும்போது பேனா மூடியால் இடது புருவத்தைச் சொறிந்துகொள்வார். எப்போதும் இடதுதான். கூர்ந்து கவனிப்பது களப்பணியின் முதல் பாடம் அக்கா, அதனால் தெரியும். மற்றபடி நான் எதற்கு அவர் புருவத்தைப் பார்க்கப் போகிறேன்.

பொன்மாரி நான்தான். சொல்ல விட்டுவிட்டேன்.

அவர் அலைந்தார் அலைந்தார், ஊர் ஊராக அலைந்தார். ஒரு ஏசல் பாட்டுகூடக் கிடைக்கவில்லை. நெறியாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “இந்தப் பருவம் முடியறதுக்குள்ள ஒலிப்பதிவு என் மேசைக்கு வரணும். இல்லன்னா தலைப்பை மாத்திக்கோ, வேற வழிகாட்டியைப் பாத்துக்கோ.” டெல்லியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர். முகம் இருண்டுபோனது. அப்போதுதான் துறையில் என்னைக் களப்பணிக்கு உதவியாகச் சேர்த்தார்கள். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. ‘வெரசா வா’ என்றால், வெரசா என்ற ஊருக்குப் பஸ் எப்போது என்று கேட்பார்.

எங்கள் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“வெளியூர்ப் பையன்கூட ஊர் ஊராப் போற. எல்லார் முன்னாலயும் அவன அண்ணேன்னு கூப்பிடணும். அந்த ஒரு வார்த்த போதும். எர்த் கம்பி மாதிரி. ஷாக் அடிக்காது.”

சரி என்றேன். எனக்கென்ன? அண்ணே, தண்ணி வேணுமா அண்ணே. அண்ணே, பஸ் வந்துட்டு அண்ணே. ஒரு நாளைக்கு எத்தனை அண்ணே சொன்னேனோ. பிற்பாடு சொல்லும்போதெல்லாம் தொண்டையில் ஒரு மாதிரி கரகரப்பு. அப்போது பனிக்காலம், சளி பிடித்திருக்கும்.

முதலில் அவரை அப்பா பிறந்த ஊருக்குத்தான் கூட்டிப்போனேன். சீவலாங்குளம். அங்கே என் சித்தப்பா சம்சாரம் ஆவுடைத்தங்கம் சித்தி இருக்கிறாள். சித்தி ஏசல் பாட எழுந்தால் மாப்பிள்ளைத் தோழன் கழிவறையைத் தேடுவான், அப்படிப்பட்ட வாய். மத்தியானம் ஆனால் தெருப் பொம்பளைகள் எல்லாரும் சித்தி வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் கூடிப் பீடி சுற்றுவார்கள். இவர் ரெக்கார்டரை நடுவில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, “அக்கா, ஏசல் பாட்டு ஒண்ணு பாடுங்க அக்கா” என்றார்.

சித்தி தாலாட்டுப் பாடினாள். இன்னொருத்தி முளைப்பாரிப் பாட்டு. மறுநாள் கேட்டால் நடவுப் பாட்டு. அதற்கு மறுநாள் கேட்டால் மாதா கோயில் பாட்டு. எல்லாம் பாடினார்கள், அது மட்டும் இல்லை.

“ஏசலா? அதெல்லாம் மறந்துபோச்சு தம்பி.”

“ஒரு வரி கூடவா அக்கா?”

“ஒரு எழுத்துக்கூட இல்ல தம்பி.”

எத்தனை நாள் போனோம் என்று நினைக்கிறீர்கள்? போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? ஏசல் பாட்டு அழிந்துவிட்டது என்று. அதையே கட்டுரையாக எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதினதோடு விட்டிருக்கலாம். நேரே போய், பீடி சுற்றிக்கொண்டிருந்த பொம்பளைகள் முன்னால் தலை குனிந்து நின்று, “உங்கள் மரபு அழிந்துபோனதற்கு நான் ஆழ்ந்து வருந்துகிறேன்” என்றார். துக்க வீட்டில் சொல்கிற மாதிரி. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. இவர், அழுகிறாள் என்று நினைத்து, தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார் அக்கா!

அவர் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போகவேண்டியதுதான், இந்தப் பக்கம் அவரைப் பற்றியே பாட்டு பறக்கும். அவர் சட்டை, அவர் நடை, அவர் ஊரில் சாம்பாரில் வெல்லம் போடுவது, ஒன்றையும் விடவில்லை. அவரைத் திட்டுகிற பாட்டை அவரிடமே போய் எப்படிச் சொல்வது? ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவாரே, பாவி மனுஷன்.

ஒருநாள் அவர் டீக்கடைக்குப் போனதும் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி பொன்மாரி, அவன் உனக்கு என்ன வேணும்?”

“அண்ணன் மாதிரி சித்தி.”

“மாதிரின்னா?”

“மாதிரின்னா... மாதிரிதான்.”

“மாதிரிக்கு எங்க ஊர்ல முறை கெடையாது. என்ன ஆளுன்னு கேட்டா ஆய்வுங்கான். எங்க சொந்தம்னு கேட்டா ஒலிப்பதிவுங்கான். நீ அண்ணேன்னு கூப்பிடுத. நீ எங்க வீட்டுப் பொண்ணு, அப்ப அவன் எங்க வீட்டுப் பையன். பெத்த மகன நடுவுல உக்கார வச்சு அந்த அசிங்கத்தயெல்லாம் பாடச் சொல்லுதியா? நாக்கு அழுகிராது?”

“அப்போ யார் முன்னாலதான் பாடுவீங்க?”

“ஏசல் மாப்ளைக்குத்தாம்ட்டி. மாப்ள இல்லாம ஏசல் ஏது?”

பக்கத்தில் இருந்த பேச்சிக்கனி, “அந்த அண்ணன மட்டும் எடுத்துரு, பாட்டு தன்னால வரும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆனால் நான் ஆராய்ச்சிக் கண்ணோடுதான் யோசித்தேன் அக்கா. பருவம் முடியப் போகிறது. ஒருவருடைய உழைப்பு வீணாகப் போகிறது. ஒரே ஒரு வார்த்தை குறுக்கே நிற்கிறது. எடுத்தால் என்ன? பொய் சொல்லச் சொல்லவில்லையே, சொல்லிக்கொண்டிருக்கிற பொய்யைத்தானே எடுக்கச் சொல்கிறார்கள்.

மறுநாள் போனோம். அண்ணே சொல்லக் கூடாது என்று வாயை இறுக்கி வைத்திருந்தேன். அவர் ரெக்கார்டரைத் தரையில் வைத்தார். அதில் சிவப்பு விளக்கு எரியவில்லை, பொத்தானை அமுக்க மறந்துவிட்டார். சொல்ல வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? சார் என்றால் சிரிப்பார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? அண்ணனை எடுத்துவிட்டால் ஓர் ஆம்பளையைக் கூப்பிட நம்மிடம் வேறு என்ன அக்கா மிச்சம் இருக்கிறது? தேடிப் பார்க்கும்போதே வாயிலிருந்து விழுந்துவிட்டது.

“ஏங்க, மைக் ஆன்ல இருக்கா?”

அவ்வளவுதான். ஏங்க என்று ஒரே ஒரு தடவை.

பீடி சுற்றின கையெல்லாம் அப்படியே நின்றது. பேச்சிக்கனியின் மடியிலிருந்து தட்டு நழுவி இலையெல்லாம் கொட்டியது. சித்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவரோ, “ஓ, மறந்துட்டேங்க” என்று பொத்தானை அமுக்கினார். அவர் ஊர்ப் பக்கம் தக்காளி விற்கிறவரைக்கூட ஏங்க என்றுதான் கூப்பிடுவார்களாம். அவருக்கு அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படியா? எங்கள் அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற வார்த்தை அல்லவா!

சித்தி எழுந்து நின்று சேலையை இழுத்துச் செருகினாள்.

‘எந்தத் தேசம் மாதேசா
என்ன தேடி வந்தீரு
பொண்ணு இங்க நிக்கையில
பொட்டி பாத்து நிக்கீரு’

அதற்கப்புறம் யார் நிறுத்துவது? மடை திறந்த மாதிரி. ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி. மூக்கு, முழங்கால், கண்ணாடி, டெல்லி, வெல்லச் சாம்பார். அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “இருங்க இருங்க, அந்த மூக்கு வரியை மட்டும் திரும்ப ஒருவாட்டி” என்று தன்னைத் திட்டினதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, “பாத்தீங்களா பொன்மாரி, பொறுமைதான் முக்கியம். கடைசியில அவங்க என்னை நம்பிட்டாங்க” என்றார். இடது புருவம்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அது மட்டுமா? ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதினார். ‘நீண்டகாலப் பங்கேற்பின் வழியே உருவான நம்பிக்கை.’ தட்டச்சு செய்தது யார்? நான். நம்பிக்கை, நம்பிக்கை, நம்பிக்கை என்று என் விரலாலேயே அடித்தேன். ஒரு இடத்தில் மட்டும் ‘நம்பிக்கை’யை ‘தும்பிக்கை’ என்று அடித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

இன்றைக்குத்தான் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால் சித்தி வேன் பிடித்து ஊரையே கூட்டி வந்துவிட்டாள். “நம்ம பாட்டு பாஸாகுதா ஃபெயிலாகுதான்னு பாக்க வேண்டாமா?” புறத்தேர்வாளர் வெளி மாநிலத்திலிருந்து வந்த ஓர் அம்மா. வெள்ளை முடி, பருத்திச் சேலை, பார்வை மட்டும் ஊசி. இவர் பேசி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

“மாதேசன், ஏசல் மாப்பிள்ளைக்கு மட்டும்தான் பாடப்படும், முறை இல்லாதவர் முன்னால் பாடவே மாட்டார்கள்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இங்க எல்லாப் பாட்டும் உங்க பேரைச் சொல்லித்தான் இருக்கு. நீங்க யார் வீட்டு மாப்பிள்ளை?”

“நம்பிக்கையின் அடிப்படையில...”

“நம்பிக்கை ஒரு முறை இல்லையே. என்ன முறையில பாடினாங்க? இதுக்குப் பதில் இல்லன்னா இது உண்மையான தரவான்னு எனக்குச் சந்தேகம் வரும். சொல்லிக் கொடுத்துப் பாட வச்சிருக்கலாம். ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பறதைத் தவிர வழியில்ல.”

அவர் புருவத்தைச் சொறியக்கூட இல்லை அக்கா, கை அப்படியே தொங்கியது. அவருக்கு நிஜமாகவே பதில் தெரியாது. இத்தனை வருஷம் படித்து, அலைந்து, எழுதி, பதில் தெரியாமல் அங்கே நிற்கிறார். அப்போது பின்னால் இருந்து சித்தி குரல்: “அவர்ட்ட கேட்டா என்ன தெரியும்? எங்க பொன்மாரிட்ட கேளுங்கம்மா!”

எல்லாத் தலையும் திரும்பியது.

“பொன்மாரி யாரு? எழுந்திரும்மா. சொல்லு, இவர் உனக்கு என்ன முறை?”

எழுந்தேன். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. ‘உள்ளேன் ஐயா’ சொல்லச் செண்பகராணியும் இல்லை. அண்ணன் என்று சொன்னால் ஆய்வு போச்சு. வேறு சொன்னால் என் மானம் போச்சு. வெறுமனே நின்றால் இரண்டும் போச்சு. பேச்சுதான் வரவில்லை அக்கா. பாட்டு வந்துவிட்டது.

‘ஊருச் சனத்த முறை கேட்டு
ஒவ்வொண்ணா எழுதினீரே
உமக்கு நானு என்ன முறை
ஒருவாட்டிக் கேட்டீரா’

சித்தி போட்ட குலவையில் மின்விசிறியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. புறத்தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “முறை கேட்டேன், ஏசலாவே வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன தரவு வேணும்? எனக்கு வேற கேள்வி இல்லை” என்றார்கள். பட்டம் கிடைத்துவிட்டது அக்கா! எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆராய்ச்சிக்காகத்தானே பாடினேன், வேறென்ன?

இதில் கோபம் எங்கே வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன். ஏசல் பாடினால் மாப்பிள்ளை பக்கம் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். அவர் ஆய்வேட்டிலேயே அதற்கு ஒரு பகுதி இருக்கிறது. எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். நான் மேசைக்காலைப் பார்க்கிறேன். அவர் தொண்டையைச் செருமினார். செருமிவிட்டு என்ன கேட்டார் தெரியுமா?

“பொன்மாரி, ரெக்கார்டரை ஆன் பண்ணல. இன்னொரு தடவை பாட முடியுமா?”

அதுதான். செருப்பைக் கையில் எடுத்தேன், பஸ் ஏறிவிட்டேன்.

என்ன? ஆமாம், போன் என்னுடையதுதான். அவர்தான். குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். திறக்க மாட்டேன். எதற்கு? ரெக்கார்டர் எங்கே வைத்தாய் என்று கேட்டிருப்பார். நான் திறக்க மாட்டேன் அக்கா. ஐயோ, ஏன் தொட்டீர்கள்! சத்தத்தைக் குறையுங்கள், எந்தப் பொத்தான்? எல்லாரும் திரும்புகிறார்களே...

‘கேக்கத்தானே வந்தேன் புள்ள
கேட்டாத்தானே பேசுவியா
வாய்க்குள்ளே கொழுக்கட்டைய
வச்சிருந்த மச்சினியே’

அவர் பாட்டுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டீர்களா? “இன்னும் சத்தமாப் பாடும்வே!” என்று. சித்திதான் அது. சுருதியே இல்லை. தாளம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஆனால் பாடிவிட்டார். பாடிவிட்டார் அக்கா!

முன் சீட்டுப் பாட்டி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இங்கே எல்லாருக்கும் கேட்டுவிட்டதா? ஆமாம் பாட்டி. மச்சினி என்றால் நம் பக்கம் பொண்டாட்டி தங்கச்சிதான். தெரியும் பாட்டி. எனக்கு அக்காவே கிடையாது. நீங்கள் வேறு ஏன் கண்டக்டர் சார்? டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். ‘அப்ப பொண்டாட்டி யாரும்மா’ என்றால் நான் என்ன சொல்வேன்? முறையிலேயே டாக்டர் பட்டம் வாங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, முறையிலேயே தப்பு விட்டிருக்கிறார். இதை இப்படியே விட முடியாது. அச்சுக்குப் போய்விட்டால் யார் திருத்துவது?

இந்த மைக் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச வேண்டுமா? நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கள்.

“பாட்டு தப்பு. கடைசி வரியில மச்சினி வராது. அந்த எடத்துல பொன்மாரின்னு போட்டுப் பாடுங்க. தாளமும் சரியா உக்காரும்.”